மழை எச்சரிக்கையைக் கணிப்பொறி படிக்கும் முறை

பெங்களூர் நகரில் மல்லேசுவரத்திற்கும் ராஜாஜிநகருக்கும் இடையே அமைந்துள்ள ஸ்ரீராம்புரம், தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாகச் செறிந்து வாழும் பகுதியாகும். அதன் அஞ்சற் குறியீடு 560021. 2014 மார்ச்சு முதல் அப்பெயரால் ஒரு மெட்ரோ ரயில் நிலையமும் அங்கு உளது. இப்பகுதியின் பெயரைக் கணிப்பொறியில் தமிழில் எழுதுவதற்கு இரு வழிகள் உண்டு என்பதையும், எழுதி முடித்தபின் அவ்விரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் என்பதையும் அறிந்தவர் சிலரே. ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்தை, யுனிகோடு அட்டவணையில் 3000 என்னும் எண் பெற்ற ‘ஸ’வை முதலாக வைத்தும் ஆக்கலாம், 2998 என்னும் எண் பெற்ற ‘ஶ’வை முதலாக வைத்தும் ஆக்கலாம். பின்னைய எழுத்து 2005-இல் வெளிவந்த யுனிகோடு 4.1 பதிப்பில்தான் இடம் பெற்றது. எழுத்துருக்களிற் பெரும்பாலானவை இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டிவிடுகின்றன. ஆதலின் படிப்பவர் வேறுபாடு காண்பதில்லை. கணிப்பொறிக்கோ அவை இரண்டும் வெவ்வேறு ஊர்கள்.

இது எழுத்தாராய்ச்சி வல்லுநருக்கு மட்டும் உரிய நுணுக்கம் என்று ஒதுக்கத்தக்கதன்று. இடியுடன் கூடிய கனமழை குறித்து ஒரு மாலைப் பொழுதில் எச்சரிக்கை வெளியாகின்றது எனக் கொள்க. அதனை இணையத்தின் வழியே பெற்று, தம் பகுதியின் பெயர் அதில் உளதா என்று தேடி, இருப்பின் உடன் பணிபுரிவோரின் கைபேசிகளுக்குச் செய்தி அனுப்பும் சிறு நிரல் ஒன்றை ஒரு களப்பணியாளரோ ஆசிரியரோ எழுதி வைத்திருக்கிறார். பெயர் எச்சரிக்கையில் ஒரு வகையாகவும் நிரலில் மற்றொரு வகையாகவும் எழுதப்பட்டிருப்பின் நிரல் தடையின்றி ஓடும். பிழை எதனையும் அறிவிக்காது. ‘எச்சரிக்கை ஏதுமில்லை’ எனத் தன் வேலையை முடித்துக்கொள்ளும். உடைந்து நிற்கும் யந்திரத்தைப் பழுது பார்க்க ஆள் வருவர். ஓடிக்கொண்டே தவறு செய்யும் யந்திரத்தை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பெங்களூருக்கு இத்தவறு சிறிதன்று. 2022 செப்டம்பர் 4-ஆம் நாள் இரவு தொடங்கிப் பெய்த மழை 131.6 மில்லிமீட்டர் எனப் பதிவாயிற்று. நகரின் கிழக்குப் பகுதிகளில் மக்கள் படகுகளிலும் டிராக்டர்களிலும் வெளியேற்றப்பட்டனர். 2023 மே 21-ஆம் நாள் பிற்பகல் மழையின்போது கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் கார் மூழ்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். இத்தகைய நாட்களில் அரை மணி நேரம் முன்னதாகக் கிடைக்கும் ஒரு வரிச் செய்தி, எந்தப் பாதை வழியே வீடு திரும்புவது என்பதை முடிவு செய்யப் போதுமானது.

எச்சரிக்கைகளைத் திரட்டி அனுப்புவதற்கு இன்று உலகெங்கும் வழங்கும் முறை ‘காப்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பொது எச்சரிக்கை நெறிமுறையாகும். புயலுக்கு ஒரு படிவம், நிலநடுக்கத்திற்கு ஒரு படிவம், தொழிற்சாலை விபத்திற்கு மற்றொரு படிவம் என்றிருந்த நிலையை மாற்றி, எல்லா வகை எச்சரிக்கைகளையும் ஒரே அமைப்பில் கொண்டு செல்ல வேண்டும் என்று 2000 நவம்பரில் வெளியான ஓர் அமெரிக்க அரசாங்க அறிக்கை பரிந்துரைத்தது. அக்கருத்தினின்று வளர்ந்த நெறிமுறையின் முதற் பதிப்பை ஒயாசிஸ் என்னும் நியம நிறுவனம் 2004-இல் ஏற்றது, 1.2 என்னும் பதிப்பு 2010-இல் வந்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2007-இல் இதனைத் தன் பரிந்துரைகளுள் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ ஏற்பாடு இந்நெறிமுறையின் மீது நிறுவப்பட்டதாகும். அதனை உருவாக்கியது டெல்லியிலும் பெங்களூரிலும் ஆராய்ச்சிக்கூடங்களையுடைய சி-டாட் நிறுவனம். இந்திய வானிலைத் துறை, மத்திய நீர் ஆணையம், ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையம், வன அளவைத் துறை முதலியவை தத்தமக்குரிய எச்சரிக்கைகளை இதன் வழியே வெளியிடுகின்றன. அவை பொதுமக்கள் பெறத்தக்க செய்தி ஓடையாகவும் கிடைக்கின்றன. ஆதலின் சிறிது நிரல் அறிவுடைய எவரும் இவற்றைப் பெற்றுப் பயன்படுத்தலாம். இக்கட்டுரைக்கு இடமளிப்பதும் அதுவே.

காப் செய்தி ஒன்று எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்படுவது. ஒவ்வொரு செய்திக் கூறும் ஒரு தொடக்கக் குறிக்கும் ஒரு முடிவுக் குறிக்கும் இடையே அமையும். ஒரு கூறினுள் பிற கூறுகள் அடங்கும். பெட்டிக்குள் பெட்டி வைத்தாற்போல் முழுச் செய்தியும் ஒரே வெளிப்பெட்டியினுள் நிறைவு பெறும். 1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சட்ட ஆவணங்களைக் கணிப்பொறியில் ஏற்றும் முயற்சியிற் பிறந்த ஒரு குறிமொழி, 1986-இல் சர்வதேச நியமமாகி, 1998 பிப்ரவரி 10-ஆம் நாள் எளிமைப்படுத்தப்பட்ட எக்ஸ்.எம்.எல். வடிவில் வெளிவந்தது என்பது அதன் வரலாற்றுச் சுருக்கம்.

செய்தியின் தலைப்பகுதியில் அடையாள எண், அனுப்புபவர், அனுப்பிய நேரம், நிலை, வகை என்பன இருக்கும். நிலை என்பது உண்மையானதா, ஒத்திகையா, சோதனையா என்பதைக் கூறும். வகை என்பது புதிய எச்சரிக்கையா, முன்னதைத் திருத்துவதா, முன்னதை நீக்குவதா என்பதைக் கூறும். அதன்பின் தகவற் பகுதிகள் வரும். இவை ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கலாம். பொதுவாக மொழிக்கு ஒன்றாக அமைக்கப்படும். ஒவ்வொரு தகவற் பகுதியிலும் நிகழ்வின் பெயர், அவசரம், கடுமை, நிச்சயம், தொடங்கும் நேரம், காலாவதியாகும் நேரம், தலைப்பு, விளக்கம், செய்ய வேண்டுவன ஆகியவை கூறப்படும். அதனுள் அடங்கிய நிலப்பகுதிக் கூறு, எச்சரிக்கைக்கு உட்பட்ட இடத்தைச் சொற்களாலும், பல்கோணம் அல்லது வட்டம் ஆகிய வரைகணித உருவாலும், குறியெண்ணாலும் குறிக்கும்.

இச்செய்தியைப் படிப்பதற்கு இரு வழிகள் உள்ளன. முழுச் செய்தியையும் வெறும் எழுத்துச் சரமாகக் கருதி, வேண்டிய சொல் எங்கே வருகின்றது என்று தேடி, அங்கிருந்து அடுத்த குறி வரையுள்ள எழுத்துக்களை வெட்டி எடுப்பது ஒன்று. செய்தியை அதன் இலக்கணப்படி பகுத்து, எந்தக் கூறு எதனுள் அடங்கியது என்பதை அறிந்தபின் வேண்டியதைப் பெறுவது மற்றொன்று. முன்னது பத்து நிமிடத்தில் எழுதத்தக்கது. ஆகையால் பெரும்பாலோர் அதனையே மேற்கொள்கின்றனர். அவ்வழி கைவிடத்தக்கது. மொழியுடன் கூடவே வரும் நூலகங்கள் பின்னைய வழியை ஏறத்தாழ அதே பத்து நிமிடத்தில் அளிக்கும்போது முன்னதைப் பற்றி நிற்பதற்குக் காரணம் பழக்கமே.

தமிழாசிரியர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. ‘எட்டு’ என்பது ஓர் எண்ணாகவும் நிற்கும். ‘எள்+து’ எனப் பிரிந்து வேறு பொருளும் தரும். ‘வேங்கை’ ஒரு விலங்கின் பெயராகவும் மரத்தின் பெயராகவும் நிற்கும்; ‘வேம்+கை’ எனப் பிரிந்து வேகின்ற கையையும் குறிக்கும். இவற்றைப் பொதுமொழி என்று இலக்கணம் கூறும். சொல் நிற்கும் இடத்தைப் பாராமல் எழுத்தை மட்டும் பார்ப்பவர் இவற்றைப் பிரித்தறிய இயலாது. எச்சரிக்கைச் செய்தியிலும் இதுவே நிகழ்கின்றது. ‘சோதனை’ என்னும் சொல் விளக்கத்தினுள் வந்தால் அஃது ஒரு வாக்கியத்தின் பகுதி. நிலை என்னும் கூற்றினுள் வந்தால் முழுச் செய்தியின் தன்மையையே மாற்றுவது. 2023 அக்டோபரில் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் கைபேசிகள் ஒருங்கே ஒலித்த சோதனை ஒலிபரப்பு பலர் நினைவில் இருக்கும். அது சோதனை என்பதை மனிதர் செய்தியைப் படித்து அறிந்துகொண்டனர். நிரலோ, நிலை என்னும் கூற்றைப் படித்தாலன்றி ஒத்திகையை உண்மையென்றும் உண்மையை ஒத்திகையென்றும் கொள்ளக்கூடும்.

எழுத்துச் சரத்தில் தேடும் முறை தமிழுக்கு இழைக்கும் தீங்கு ஒன்று தனித்துக் கூறத்தக்கது. எக்ஸ்.எம்.எல். இலக்கணப்படி ஓர் எழுத்தை அப்படியேயும் எழுதலாம். அதன் யுனிகோடு எண்ணைச் சில குறிகளுக்கிடையே வைத்தும் எழுதலாம். ஆங்கில எழுத்துக்களை மட்டும் கையாளும் பழைய மென்பொருள்கள் வழியே தமிழ்ச் செய்தி செல்லும்போது இரண்டாம் முறையே மேற்கொள்ளப்படுகின்றது. அப்பொழுது ‘மழை’ என்னும் சொல் கோப்பில் இராது; எண்கள் மட்டுமே இருக்கும். ‘மழை’ என்று தேடும் நிரலுக்கு அது கிடைக்காது. பகுப்பான் வழியே படித்தாலோ அவ்வெண்கள் தாமாகவே எழுத்துக்களாக மாறி வரும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பைதான் மொழியின் எலிமென்ட்ட்ரீ நூலகமே, எழுதும்போது வேறு கூறாவிடில், தமிழ் எழுத்துக்களை எண்களாக மாற்றித்தான் எழுதும். ‘யு.டி.எஃப்.-8’ என்று வெளிப்படையாகக் கேட்டால் அன்றித் தமிழ் தமிழாக வராது. அடக்க விலையாகக் கிடைக்கும் நூலகமாயினும் அதன் இயல்பை அறிந்தே பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இது போதிய சான்று.

ஸ்வீடன் நாட்டு ஃப்ரெட்ரிக் லுண்ட் இயற்றிய இந்நூலகம் 2006-இல் வெளிவந்த பைதான் 2.5 முதல் அம்மொழியுடனேயே வழங்கப்படுகின்றது. தனியே தருவித்து நிறுவ வேண்டுவதில்லை. இதற்கு மேலும் வசதியான பிறர் நூலகங்கள் உண்டு. அவற்றைக் குறை கூற இடமில்லை. எனினும் களத்தில் உள்ள ஓர் அலுவலகத்தின் நிலை வேறு. இணைப்பு அடிக்கடி அறும். கணிப்பொறியில் புதியதை நிறுவ அனுமதி பெற வேண்டியிருக்கும். நிரலை எழுதியவர் மாற்றலாகிச் சென்றபின் அவர் எங்கிருந்து எதனைத் தருவித்தார் என்பது எவருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் மட்டும் தேவைப்படும் நிரல் ஒன்பது மாதங்கள் தூங்கி எழும்போது, தான் சார்ந்திருந்த பிற நூலகம் மாறியிருப்பதைக் கண்டு நின்றுவிடுவது புதிய அனுபவமன்று. மொழியுடன் வரும் நூலகத்திற் பழையவை எக்காலத்தும் நீக்கப்படா என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அந்நீக்கம் பல பதிப்புகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டு, மெதுவாகவே நடைபெறுகின்றது.

பயன்படுத்தத் தொடங்குவோர் இடறும் இடங்கள் மூன்று நான்கு உள. முதலாவது பெயர்வெளி. காப் செய்தியின் ஒவ்வொரு கூறும் தனக்குரிய நெறிமுறையின் முழுப் பெயரோடு சேர்த்தே நூலகத்தால் அறியப்படும். ‘தகவல்’ என்று குறும்பெயரால் மட்டும் கேட்டால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்றே விடை வரும். கோப்பைக் கண்ணால் பார்க்கையில் அக்கூறு தெளிவாக இருக்கும். நிரல் இல்லை என்னும். நூலகம் பழுதென்று எண்ணி எழுத்துத் தேடலுக்குத் திரும்பிவிடுவோர் இவ்விடத்திற்றான் மிகுதி. ஒரே பெயரில் இருவர் இருக்கும் ஊரில் தந்தை பெயரையும் சேர்த்துக் கேட்பது போன்றதே இது. நெறிமுறையின் முழுப் பெயரை ஒரு முறை எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, சற்றே வஞ்சகமானது. ஒரு கூறு கிடைத்ததா என்பதைச் சோதிக்க, பைதானில் இயல்பாக எழுதும் ‘இருந்தால்’ என்னும் நிபந்தனையை இங்கே எழுதலாகாது. கூற்றினுள் எழுத்துக்கள் நிறைந்திருப்பினும் அதனுள் வேறு உட்கூறு இல்லையாயின் நூலகம் அதனை ‘இல்லாதது’ போற் கணக்கிடும். தலைப்பு என்னும் கூற்றினுள் உட்கூறு எப்பொழுதும் இராது. ஆகவே தலைப்பு எப்பொழுதும் ‘இல்லை’! இவ்வமைப்பு தவறென்பது பின்னர் உணரப்பட்டு, 2023-இல் வெளிவந்த 3.12 பதிப்பு முதல் இவ்வாறு எழுதுவோருக்கு எச்சரிக்கை காட்டப்படுகின்றது. ‘ஒன்றுமில்லை’ என்னும் மதிப்போடு நேராக ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான வழி.

மூன்றாவது, முதலில் வரும் தகவற் பகுதியையே எடுத்துக்கொள்வது. மொழிப் பகுதிகள் இன்ன வரிசையில் வர வேண்டும் என்ற விதி நெறிமுறையில் இல்லை. இன்று ஆங்கிலம் முதலில் வரலாம். நாளை கன்னடம் முதலில் வரலாம். மொழிக்கூற்றைப் படித்து வேண்டிய மொழியைத் தேர்ந்து, அது கிடையாவிடில் இரண்டாவது விருப்பத்தை எடுக்க வேண்டும். ஸ்ரீராம்புரம் போன்ற இடத்தில் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் வழங்குவதால், இவ்விருப்ப வரிசையை அவ்வப் பணியாளரே அமைத்துக்கொள்ளுமாறு விடுவது நலம். மொழிக்கூறு முற்றிலும் இல்லாவிடில் அமெரிக்க ஆங்கிலம் என்று கொள்ள வேண்டும் என்பது நெறிமுறையின் விதி. தமிழில் எழுதிவிட்டு மொழியைக் குறிக்க மறந்தால் அத்தமிழ் ஆங்கிலமாகவே எண்ணப்படும். எச்சரிக்கை எழுதுவோர் கவனிக்கத்தக்கது இது.

இனி ஊர்ப்பெயரின் சிக்கலுக்கு வரலாம். ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துக்களின் உயிர்க்குறியை ஒரே எண்ணாகவும் இரண்டு எண்களின் சேர்க்கையாகவும் எழுதலாம். பைதானுடன் வரும் யுனிகோடு நூலகத்தின் ஒருமைப்படுத்தும் வினை, இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் அவ்வினை ‘ஸ்ரீ’யின் இரு வடிவங்களை ஒன்றாக்காது; ‘ஔ’ என்னும் ஓரெழுத்தையும் ‘ஒ’வுடன் ‘ள’ சேர்த்து எழுதப்படும் போலியையும் ஒன்றாக்காது. இவற்றுக்குத் தனியே மாற்று அட்டவணை எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பின்னும் ஸ்ரீராம்புரம், ஸ்ரீராமபுரம், ஸ்ரீராம்புரா என்னும் வழக்குகள் எஞ்சி நிற்கும். மைசூரிலும் ஒரு ஸ்ரீராம்புரம் உளது. மகாராஷ்டிரத்திலும் மேற்கு வங்கத்திலும் ஸ்ரீராம்பூர்கள் உள்ளன. பெயரைக் கொண்டு இடத்தை அறிவது அஞ்சற்காரருக்கே கடினமாயின் நிரலுக்கு எளிதாகுமா?

ஆதலின் இடத்தைப் பெயரால் அறிய முற்படுவதை விடுத்து, பல்கோணத்தால் அறிவதே தக்கது. நிலப்பகுதிக் கூற்றில் பல்கோணத்தின் முனைகள் ஒவ்வொன்றும் அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரு எண்களாகக் காற்புள்ளியிட்டுத் தரப்படும்; முதல் முனையே இறுதியிலும் மீண்டும் வந்து உருவத்தை மூடும். ஸ்ரீராம்புரத்தின் இருப்பிடம் ஏறத்தாழ வடக்கு அட்சம் 12.99, கிழக்குத் தீர்க்கம் 77.56 ஆகும். அப்புள்ளி பல்கோணத்தின் உள்ளே உளதா, வெளியே உளதா என்பதே கேள்வி. இதற்கு விடை காணும் வினை மொழியின் நூலகத்தில் இல்லை, எழுதிக்கொள்ள வேண்டும். புள்ளியிலிருந்து ஒரு திசையில் நேர்கோடு ஒன்றை நீட்டி, அது பல்கோணத்தின் பக்கங்களை எத்தனை முறை வெட்டுகின்றது என்று எண்ணினால், ஒற்றைப்படையாயின் உள்ளே, இரட்டைப்படையாயின் வெளியே. பத்து வரிகளில் அடங்கும் இவ்வினையைவிட வரைகணித வகுப்புக்கு ஏற்ற பயிற்சி அரிது. கோலப்பொடியால் தரையில் ஒரு கோணலான உருவம் வரைந்து, அதன் நடுவே கல்லொன்றை வைத்துச் சிறு குழந்தைக்கும் இதனைக் காட்டலாம்.

எண்களின் வரிசையில் ஓர் அபாயம் உண்டு. காப் நெறிமுறையில் அட்சரேகை முதலில் வரும். 2016-இல் நியமமான ஜியோஜேசன் என்னும் வரைபட வடிவில் தீர்க்கரேகை முதலில் வரும். இரண்டையும் கலந்து பயன்படுத்துவோர் எண்களை இடம் மாற்றிவிடுவது சர்வ சாதாரணம். ஸ்ரீராம்புரத்தின் எண்களை மாற்றினால் அது ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்டு தீவுகளின் அருகே சென்றுவிடும்! அட்சரேகை 90-க்கு மேற்படக் கூடாது என்ற சோதனையை நிரலில் வைத்தாலும் இத்தவறு பிடிபடாது, 77.56 என்பது 90-க்கு உட்பட்டதே. கௌகாத்தியிலுள்ள பணியாளர் இதே தவறைச் செய்தால் அவ்வூரின் தீர்க்கரேகை 91-க்கு மேற்பட்டதாகையால் உடனே பிழை வெளிப்படும். பெங்களூரிலும் சென்னையிலும் வெளிப்படாது. இந்திய எல்லைக்குள் அட்சரேகை 6 முதல் 38 வரையிலும் தீர்க்கரேகை 68 முதல் 98 வரையிலுமே அமைய வேண்டும் என்னும் சோதனையே இங்கே பொருத்தமானது.

நேரத்தையும் எழுத்தாக ஒப்பிடலாகாது. காப் செய்தியில் நேரம், உலகப் பொது நேரத்தினின்று உள்ள வேறுபாட்டோடு எழுதப்படும். இந்திய நேரமாயின் +05:30 என்று முடியும். இரவு 8 மணிக்குக் காலாவதியாகும் எச்சரிக்கையையும், பொது நேரத்தில் 14:40 எனக் குறிக்கப்பட்ட மற்றொன்றையும் எழுத்தளவில் ஒப்பிட்டால் பின்னது முற்பட்டதென்று தோன்றும்; உண்மையில் அது இந்திய நேரப்படி 8 மணி 10 நிமிடம். மொழியின் நேர நூலகம் இதனைச் சரியாகக் கணக்கிடும். மேலும், வேறுபாடு குறிக்கப்பட்ட நேரத்தையும் குறிக்கப்படாத நேரத்தையும் முற்பிற்பாடு ஒப்பிடுமாறு கேட்டால் அது மறுத்துப் பிழை அறிவிக்கும். இம்மறுப்பு புதியவர்களுக்கு எரிச்சலூட்டுவது. எனினும் ‘எச்சரிக்கை ஏதுமில்லை’ என்று பொய்யாக முடிவதினும் எரிச்சலோடு நிற்பது மேலானது. நீக்கச் செய்திகளும் இவ்வாறே கவனத்துக்குரியன. ஒரு நீக்கச் செய்தி, தான் நீக்கும் முன்னைய செய்தியின் அனுப்புபவர், அடையாள எண், நேரம் ஆகிய மூன்றையும் சுட்டும். அதனைப் படியாத நிரல், ஓய்ந்துபோன மழைக்கு மக்களை விழித்திருக்கச் செய்யும். இருமுறை இவ்வாறு நேர்ந்தால் மூன்றாம் முறை உண்மையான எச்சரிக்கையையும் எவரும் பொருட்படுத்தார்.

இந்நூலகங்களின் எல்லையையும் மறைக்காமல் கூற வேண்டும். முன்பின் அறியாத இடத்திலிருந்து வரும் கோப்பைப் படிக்கையில் கவனம் தேவை என்று பைதான் மொழியின் ஆவணமே எச்சரிக்கின்றது. ஒரு பெயர் பத்துப் பெயர்களாகவும், அப்பத்தில் ஒவ்வொன்றும் மீண்டும் பத்தாகவும் விரியுமாறு எழுதப்பட்ட ஒரு கிலோபைட் அளவுக் கோப்பு, விரிந்து முடியும்போது நூறு கோடிச் சொற்களாகிக் கணிப்பொறியின் நினைவகத்தை நிரப்பிவிடும். சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக நெல் கேட்ட கதையின் மறுபிறவி இது. பைதான் உட்கொண்டுள்ள எக்ஸ்பாட் என்னும் பகுப்பான் 2021-இல் வெளியான 2.4.1 பதிப்பிலிருந்து இதற்குத் தடை அமைத்துள்ளது. பழைய கணிப்பொறிகளில் பதிப்பைப் பார்த்துக்கொள்வது நலம். மேலும், செய்தியில் இடப்பட்ட மின்கையொப்பத்தைச் சரிபார்க்கவும், கோப்பு முழுவதும் நெறிமுறைக்கு இணங்கியதா என்று உறுதி செய்யவும் இந்நூலகத்தால் இயலாது. ஆகவே எச்சரிக்கையை அதிகாரபூர்வமான முகவரியிலிருந்து பாதுகாப்பான இணைப்பின் வழியே நேராகப் பெற வேண்டுமேயன்றி, கைக்குக் கை மாறி வந்த கோப்பை நம்பலாகாது. இக்குறைகள் பிற நூலகங்களை நாட வேண்டிய நேரம் எது என்பதைக் காட்டுகின்றனவே தவிர, எழுத்துத் தேடலுக்குத் திரும்புவதற்குச் சாக்காக மாட்டா.

பெங்களூருக்கு அளவுகளும் பஞ்சமில்லை. 1988-இல் வறட்சிக் கண்காணிப்புப் பிரிவாகத் தொடங்கி, எலகங்காவில் இயங்கும் கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர்க் கண்காணிப்பு மையம், தொலையளவு மழைமானிகளிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளவுகளைப் பெறுகின்றது. அளப்பதிலும் அறிவிப்பதிலும் இத்துணை உழைப்பும் பொருளும் செலவாகும் ஒரு காரியம், கடைசிப் படியில், அவசரமாக எழுதிய பத்து வரித் தேடலில் இடறி விழுவது பொருத்தமற்றது.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் பைதான் இடம் பெற்றுள்ளது. உரைக் கோப்பு, இருமக் கோப்பு, காற்புள்ளியாற் பிரிக்கப்பட்ட அட்டவணைக் கோப்பு ஆகியவற்றைப் படிக்க மாணவர் பயிற்சி பெறுகின்றனர். தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திலும் பைதான் கற்பிக்கப்படுகின்றது. அட்டவணைக் கோப்பைக் காற்புள்ளி கண்ட இடத்தில் வெட்டாமல் நூலகத்தின் வழியே படிக்கக் கற்பிக்கும் ஆசிரியர், அதே வகுப்பில் ஒரு காப் கோப்பையும் படித்துக் காட்டலாம். தேர்வில் வினா வருமா என்று மாணவர் கேட்பர்; வாராது. எனினும் மதிப்பெண் பட்டியலுக்காகக் கற்பனையான மாணவர் பெயர்களை நூறாவது முறையாக அச்சிடுவதினும், தன் தெருவுக்கு மழை வருமா என்று கேட்கும் நிரல் பதினேழு வயதினரைக் கவரும் என்பதில் ஐயமில்லை.

அதற்கு வேண்டுவன மிகச் சில. முன்னைய மழையொன்றின் எச்சரிக்கைக் கோப்பு ஒன்றைச் சேமித்து வைத்துக்கொண்டால் வகுப்பறையில் இணையம் தேவையில்லை. அதன் நிலைக் கூற்றை ‘ஒத்திகை’ என மாற்றுவது, தகவற் பகுதிகளின் வரிசையை மாற்றுவது, காலாவதி நேரத்தைப் பொது நேரமாக மாற்றி எழுதுவது, பல்கோணத்தின் எண்களை இடம் மாற்றுவது, ஒரு கூற்றை முற்றிலும் நீக்கிவிடுவது என ஐந்து பழுதான படிகளை ஆசிரியர் முன்னரே ஆயத்தம் செய்யலாம். மாணவரின் நிரல் ஒவ்வொரு படிக்கும் என்ன விடை கூறுகின்றது என்பதைக் கரும்பலகையில் எழுதி ஒப்பிட வேண்டும். ஆறாவது படியில் ஊரின் பெயரிலுள்ள முதல் எழுத்தை மட்டும் 3000-லிருந்து 2998-க்கு மாற்றி, இரண்டு தாள்களில் அச்சிட்டு, வேறுபாடு எங்கே என்று கேட்கலாம். எவராலும் காண இயலாது.